மலிவு யூஎஸ்பி எண்டோஸ்கோப் கேமரா: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 8 மில்லிமீட்டர் தலை, 5 மீட்டர் வயர், லென்ஸைச் சுற்றி ஆறு எல்இடி உள்ள யூஎஸ்பி கேமரா ஒன்றை ஆன்லைனில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். பெட்டியில் ‘எச்டி’ என்று போட்டிருக்கிறது. ஆனால் சர்க்யூட் போர்டைக் காட்டினால் ஐசி (போர்டில் உள்ள கறுப்புச் சில்லு) மேலுள்ள எண்ணைப் படிக்க முடியவில்லை, ஈயம் வைத்த இடமெல்லாம் வெள்ளையாகப் பொங்கித் தெரிகிறது. பைக் இன்ஜினுக்குள் விட்டுப் பார்க்கலாமா, குளியலறைக் குழாய் அடைப்பைத் தேடலாமா, பிரித்து ஏதாவது செய்து இதைத் தேற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேற்ற முடியும். ஆனால் பெரும்பாலானோர் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். படம் மோசமாக இருப்பதற்கு மெகாபிக்சல் குறைவுதான் காரணம் என்று நினைத்து அடுத்த விலைக்குத் தாவுகிறார்கள். இந்தக் கேமராவில் குறை ஃபோகஸ் தூரத்திலும் வெளிச்சத்திலும்தான் இருக்கிறது. இரண்டையுமே வீட்டில் உள்ள சாமான்களை வைத்துச் சரிசெய்யலாம். இதே மாதிரி கேமராக்கள் பத்துக்கு மேல் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. மூன்றை நானே கெடுத்திருக்கிறேன். அந்த மூன்றின் கதையும் இதில் வரும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கேமராவின் பார்வை அகலம் சுமார் 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பொருள் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் படத்தில் ஏறத்தாழ 58 மில்லிமீட்டர் அகலம் விழும். 640 புள்ளிகள் கொண்ட சென்சாரில் ஒரு புள்ளிக்கு 0.09 மில்லிமீட்டர். கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் உள்ள ஐசி என்றால், ஒரு காலும் ஒரு இடைவெளியும் சேர்ந்து ஐந்தாறு புள்ளிக்குள் அடங்கிவிடும். படம் கூழாகத்தான் தெரியும். அதே கேமராவை ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அகலம் 17 மில்லிமீட்டர், அதே ஒரு காலுக்கும் இடைவெளிக்கும் 18 புள்ளிகள். சென்சாரை மாற்றாமலேயே மூன்று மடங்குக்கு மேல் விவரம் கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், அவ்வளவு கிட்டத்தில் இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. பொதுவாக 3 முதல் 8 சென்டிமீட்டர் வரை தெளிவாக இருக்கும்படி தொழிற்சாலையிலேயே திருகி, ஒரு சொட்டுப் பசை வைத்து நிறுத்தியிருப்பார்கள். ஃபோகஸ் நகரவே நகராது.

பிரிப்பதற்கு முன் மென்பொருள் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே விடை இருக்கிறது. இந்தக் கேமராக்கள் யூவிசி என்ற பொது முறையில் பேசுகின்றன. அதாவது வெப்கேம் மாதிரிதான். விண்டோஸில் வழக்கமான கேமரா ஆப்பே போதும், லினக்ஸிலும் மேக்கிலும் தனி டிரைவர் வேண்டாம். விஎல்சி-யில் கூடத் திறந்து பார்க்கலாம். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் ஒரு க்யூஆர் கட்டம் அச்சிட்டு, ‘இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்று இருக்கும். அதைத் தொட வேண்டாம். எங்கிருந்தோ வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) நம் போனில் ஏற்றி, கேமரா அனுமதி, கோப்பு அனுமதி எல்லாம் தூக்கிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பிளே ஸ்டோரில் யூஎஸ்பி கேமரா என்று தேடினால் நல்லவை கிடைக்கும். போனுக்கு ஓடிஜி வசதி, அதாவது யூஎஸ்பி சாதனத்தைப் போனிலேயே செருகி இயக்கும் வசதி, இருக்க வேண்டும். சில போன்களில் அதை செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும், சற்று நேரம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். ‘கேமரா செத்துப்போச்சு’ என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் ஒன்று இந்தக் கேஸ்தான். லைட்னிங் துளை உள்ள ஐபோனில் இந்தச் சாதாரண வகை வேலை செய்யாது.

ஆப்பில் 640க்கு 480, 1280க்கு 720 என்று இரண்டு அளவு காட்டும். இரண்டிலும் ஒரே பொருளை, ஒரே தூரத்தில் படம் எடுத்துப் பாருங்கள். பெரியதில் புதிதாக ஒரு கோடும் தெரியவில்லை என்றால் உள்ளே இருப்பது சிறிய சென்சார்தான், படத்தை இழுத்து நீட்டித் தருகிறார்கள். உண்மையான 720 என்றாலும் ஒரு விஷயம் உண்டு. யூஎஸ்பி 2.0-இல் இந்த மாதிரி வீடியோவுக்குக் கிடைக்கும் பாதை நொடிக்கு 24 மெகாபைட் அளவுதான். சுருக்காத படத்தை 1280க்கு 720 அளவில் நொடிக்கு 30 முறை அனுப்ப 55 மெகாபைட் வேண்டும். அதனால் சுருக்காத வகையைத் தேர்ந்தெடுத்தால் படம் நொடிக்குப் பத்து என்று திக்கித் திக்கி வரும். ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வகையைத் தேர்ந்தெடுத்தால் வேகம் கிடைக்கும், ஓரங்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அசையாத போர்டைப் பார்க்கும்போது முதலாவது, குழாய்க்குள் நகர்த்தும்போது இரண்டாவது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். ஆறு எல்இடி-யும் லென்ஸை ஒட்டியே இருப்பதால் ஒளி போன வழியே நேராகத் திரும்பி வருகிறது. பளபளப்பான ஈயம் கண்ணாடி மாதிரிதான், அதில் எல்இடி-யே ஆறு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். முழு வெளிச்சம் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் வயரில் உள்ள சக்கரத்தைக் கடைசி வரை திருப்புகிறார்கள். எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். குறைந்த வெளிச்சத்தில் கேமரா தானாகச் சமாளித்துக்கொள்ளும், பொங்கல் அடங்கும்.

இன்னும் நல்ல வழி, எல்இடி-யை முழுக்க அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில், போர்டை ஒட்டிச் சாய்த்து அடிப்பது. தேய்ந்துபோன நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து எழுத்தைப் படிக்கிறோமே, அதே உத்தி. ஈயத்தைச் சுற்றி முடி போல விழுந்திருக்கும் விரிசலுக்கு ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழும். நேர் வெளிச்சத்தில் பத்து நிமிடம் தேடியும் கிடைக்காத விரிசல், சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று கண்ணில் படும். லேசர் எழுத்து மங்கிய ஐசி-க்கும் இதுதான் மருந்து.

தனி டார்ச் வைக்க இடமில்லாத சந்துக்குள் போக வேண்டும் என்றால் எல்இடி மேல் ஒரு மறைப்பு போடுங்கள். பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு மடிப்பாக வைத்து, லென்ஸ் இருக்கும் நடுப்பகுதியில் மட்டும் துளை விட்டால் ஆறு கூர்மையான பொட்டும் கலந்து ஒரே மென்மையான வளையமாகிவிடும். டிரேசிங் தாளும் ஆகும், ஆனால் ஈரத்தில் நிற்காது. துளையின் ஓரம் லென்ஸ் பார்வைக்குள் வந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் ஆகும். அப்படி ஆனால் துளையை ஒரு முடியளவு பெரிதாக்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் படலம். செத்துப்போன கால்குலேட்டரின் திரை மேல் ஒட்டியிருக்கும் கருஞ்சாம்பல் நிறப் படலம்தான் அது. அதில் வளையமாக ஒரு துண்டு வெட்டி எல்இடி மேல், சின்ன வட்டமாக இன்னொரு துண்டு லென்ஸ் மேல். இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக, 90 டிகிரி திரும்பி இருக்க வேண்டும். பளபளப்பிலிருந்து நேராகத் திரும்பும் ஒளி தன் அதிர்வுத் திசையை மாற்றாததால் லென்ஸ் மேலுள்ள துண்டில் அடைபட்டுவிடும். சொரசொரப்பான பரப்பில் பட்டுச் சிதறி வரும் ஒளி மட்டும் உள்ளே போகும். பளபளவென்று இருந்த போர்டு திடீரென்று மேட் பூச்சு அடித்த மாதிரி, நிறமும் எழுத்தும் தெளிவாக நிற்கும். வெட்டுவதற்கு முன் படலத்தின் ஒரு மூலையில் மார்க்கரால் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு எது குறுக்கு, எது நேர் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போகும். வெளிச்சம் கால் பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறையும், ஆகவே இங்கே மட்டும் சக்கரத்தை முழுதாகத் திருப்பலாம். ஒரு வருத்தம்: ஈய விரிசலுக்கு இது உதவாது, அதற்குப் பளபளப்பு வேண்டும்.

இப்போது ஃபோகஸ். தலையைப் பிரிக்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்த 10 எக்ஸ் லூப். அதன் குவிய தூரம் 25 மில்லிமீட்டர். கேமரா 5 சென்டிமீட்டரில் தெளிவு என்றால், லூப்பை அதன் முகத்தை ஒட்டி வைத்ததும் தெளிவுத் தூரம் 17 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். மேலே போட்ட கணக்கில் நமக்கு வேண்டியது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் எல்இடி எரிந்தால் அந்த லென்ஸின் முகத்திலேயே பட்டுத் திரும்பி கேமராவைக் குருடாக்கும். அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒளி கொடுங்கள்.

நிரந்தரமாக மாற்ற வேண்டும் என்றால் லென்ஸைத் திருக வேண்டும். உங்களுடையது 8 மில்லி என்பதால் இது சாத்தியம். 5.5 மில்லி தலைகளை நான் தொடுவதில்லை. பெரும்பாலும் உள்ளே முழுக்க எபாக்சி ஊற்றி வைத்திருப்பார்கள், திறந்தால் சென்சாரோடு சேர்ந்து உடையும். நான் கெடுத்த முதலாவது அதுதான்.

8 மில்லி தலையின் உலோக உறையை முடி காயவைக்கும் ட்ரையரால் ஒரு நிமிடம் சூடாக்குங்கள், பசை இளகும். துணி சுற்றி, முன்பக்கத்து வளையத்தை அல்லது உறையை மெதுவாக முறுக்கி இழுத்தால் வரும். வராவிட்டால் மறுபடி சூடு, மறுபடி முயற்சி, பிளையர் வேண்டாம். உள்ளே ஒரு குட்டி பிளாஸ்டிக் குழலுக்குள் லென்ஸ் இழையில் திருகி நிற்கும். இழை ஓரத்தில் இருக்கும் பசைச் சொட்டை பிளேடு முனையால் சுரண்டி எடுங்கள். கேமராவை லேப்டாப்பில் இணைத்து ஓடவிட்டபடி, நீங்கள் வேண்டும் தூரத்தில், உதாரணமாக 15 மில்லிமீட்டரில், ஒரு பத்து ரூபாய் நோட்டை வையுங்கள். அதில் உள்ள சின்ன எழுத்துகள் ஃபோகஸ் பார்க்க அருமையானவை. பிறகு டுவீசரால் லென்ஸை வெளிப்பக்கமாக, கடிகார எதிர்த்திசையில் திருகுங்கள். பக்கத்தில் தெளிவு வேண்டும் என்றால் லென்ஸ் சென்சாரை விட்டு விலக வேண்டும், அதுதான் விதி.

எவ்வளவு விலக வேண்டும் என்பதுதான் பலரும் ஏமாறும் இடம். குவிய தூரம் 2 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், 5 சென்டிமீட்டர் தெளிவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தெளிவுக்குப் போக அது நகர வேண்டியது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இழையைப் பொறுத்து அரைச் சுற்று, முக்கால் சுற்று. இரண்டு சுற்று சுற்றிவிட்டு ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று கவலைப்படாதீர்கள், தாண்டிப் போயிருப்பீர்கள். அப்புறம், கிட்டத்தில் தெளிவாக்கினால் தூரம் போய்விடும். போர்டுக்கு என்று மாற்றிய கேமரா குழாய்க்கு ஆகாது. அதனால்தான் மலிவானதில் இரண்டு வாங்கி, ஒன்றை மேசைக்கு, ஒன்றை வெளி வேலைக்கு என்று வைத்திருக்கிறேன்.

ஃபோகஸ் கிடைத்ததும் லென்ஸை நிறுத்த நகப்பூச்சு ஒரு துளி போதும். சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அது காயும்போது கிளம்பும் ஆவி கண்ணாடியில் படிந்து வெண்பனி மாதிரி பூக்கும், துடைத்தாலும் போகாது. நான் கெடுத்த இரண்டாவது இப்படித்தான் போனது. ஃபோகஸ் அவ்வளவு அழகாக வந்திருந்தது, காலையில் பார்த்தால் மார்கழி மூடுபனி. உறையை மூடும்போது எபாக்சி வைக்கலாம். சிலிக்கான் வைப்பதென்றால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். எதை வைத்தாலும் பிரித்த தலையை இனி தண்ணீர் தாங்காத ஒன்றாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

மேசைக் கேமராவுக்குத் தூரம் மாறாமல் இருக்க ஒரு தாங்கி வேண்டும். 2 மில்லிலிட்டர் சிரிஞ்சின் வெற்றுக் குழல் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது: 8 மில்லி தலை உள்ளே கொஞ்சம் தளர்வாகப் போகும், இரண்டு சுற்று டேப் சுற்றினால் கச்சிதம். முனையை வெட்டிவிட்டு, லென்ஸுக்கு முன்னால் 15 மில்லிமீட்டர் நீட்டி வைத்தால் போர்டு மேல் அப்படியே நிறுத்தி நகர்த்தலாம். அரை ஒளிபுகும் பிளாஸ்டிக் என்பதால் வெளியே டார்ச் அடித்தால் உள்ளே நிழலில்லாத வெளிச்சம் கிடைக்கும். தூரம் மாறாததால் அளக்கவும் முடியும்: முதலில் ஸ்டீல் ஸ்கேலை ஒரு படம் எடுத்து, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளி என்று எண்ணி வைத்துக்கொண்டால் போதும். இதன் கீழே ஈயம் வைக்கப் பார்க்காதீர்கள். கை அசைந்த பிறகுதான் படம் அசையும், தலை சுற்றிவிடும். பார்ப்பதற்கு மட்டும்.

வயர் பக்கம் செய்ய வேண்டியது சிறியது, ஆனால் பயன் அதிகம். மெல்லிய மென்வயர் கேமரா எங்கே தள்ளினாலும் சுருண்டு திரும்பி உங்களையே பார்க்கும். 14 கேஜ் செம்புக் கம்பி, வீட்டில் எர்த்துக்குப் போடுகிறார்களே, அதை அரை மீட்டர் எடுத்து, தலையிலிருந்து வயரோடு சேர்த்து ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி இறுக்கிவிடுங்கள். வளைத்த வடிவில் நிற்கும். கம்பியின் முனையை மடித்து மழுங்கடிக்காமல் விட்டால் உள்ளே எதையாவது கீறும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வளையமாக வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். சுவருக்குள் போகும் குழாயில் அடைப்பு எத்தனை மீட்டரில் என்று தெரிந்தால்தான் எங்கே உடைப்பது என்று சொல்ல முடியும். அதோடு தலையில் எது படத்தின் மேல்பக்கமோ அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு, வயர் நெடுக அதே நேர்கோட்டில் பொட்டுகள். உள்ளே போனபின் மேல் கீழ் தெரியாமல் தவிப்பது குறையும்.

5 மீட்டர் வயர் மேசையில் தொல்லை என்று வெட்டிச் சுருக்குவதானால் முதலில் வெளி உறையை மட்டும் நீளவாக்கில் கீறி உள்ளே எண்ணுங்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என நான்கும் ஒரு பின்னல் உறையும் மட்டும் இருந்தால் யூஎஸ்பி, வெட்டி ஒட்டலாம். பச்சையும் வெள்ளையும் தகவல் கம்பிகள், அவற்றின் முறுக்கைக் கூடியவரை பிரிக்காமல் இணைப்பைச் சிறிதாக வையுங்கள். நான்குக்கு மேல் இருந்தால் அது சென்சாரின் சொந்தக் கம்பி, அப்படியே ஒட்டி மூடிவிடுங்கள். நீட்டுவது வேறு கதை. யூஎஸ்பி 2.0 வயருக்கு 5 மீட்டர்தான் கணக்கு, நீங்கள் ஏற்கனவே அந்த எல்லையில் நிற்கிறீர்கள். சாதாரண நீட்டிப்பு வயர் செருகினால் மின்னழுத்தம் விழும், படம் விட்டு விட்டு வரும். நீட்ட வேண்டுமானால் ரிப்பீட்டர் சில்லு உள்ள வயர் வாங்குங்கள்.

பைக்குக்கு வருகிறேன். ஸ்பார்க் பிளக் ஓட்டை அளவை முதலில் பாருங்கள். நம்மூர் 100 சிசி வண்டிகள் பலவற்றில் பிளக் இழை 10 மில்லி. இழையைக் கழித்தால் உள்ளே 9 மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. உங்கள் 8 மில்லி தலை மயிரிழையில் போகும், அதுவும் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் போகாது. கார்களில் பரவலாக உள்ள 14 மில்லி இழை என்றால் தாராளம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். இந்த வகைக் கேமராக்களுக்கு 70 டிகிரி வரைதான் சொல்கிறார்கள். பிளக்கைக் கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே உள்ளே விழும். பிஸ்டன் கீழே இருக்கும்படி கிக்கரைத் தள்ளி நிறுத்தி, அதன் பிறகுதான் கேமரா. கேமரா உள்ளே இருக்கும்போது கிக்கரைத் தொடவே கூடாது. என் மூன்றாவது கேமரா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் போனது. நான் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்றவர் ஆர்வத்தில் ஒரு மிதி மிதித்தார்.

உள்ளே என்ன பார்ப்பது? சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள் இருந்தால் நல்லது, அவை ஹோனிங் செய்தபோது, அதாவது உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கியபோது, வேண்டுமென்றே போட்டவை. அவை மறைந்து கண்ணாடியாக இருந்தால் தேய்ந்துவிட்டது. மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள் இருந்தால் கீறல், நகத்தில் தட்டும் ஆழமா என்று கேமரா சொல்லாது. பிஸ்டன் தலையில் உலர்ந்த கரி சகஜம். ஓரத்தைச் சுற்றி மட்டும் ஈரமாக எண்ணெய் மினுங்கினால் ரிங்கைச் சந்தேகப்படலாம். கேமராவோடு வரும் சின்னப் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தலையில் மாட்டிப் பார்க்கும்போது படம் இடவலம் மாறும், ஆப்பில் திருப்பிவிடுங்கள். அந்தக் கண்ணாடி, கூடவே வரும் கொக்கி, காந்தம் மூன்றுமே வெறும் கவ்வலில் நிற்பவை. தையல் நூலால் வயரோடு கட்டாமல் எதற்குள்ளும் விடாதீர்கள். குளியலறை நானி டிராப்பில் (தரையில் உள்ள வடிகால் குழியில்) விழுந்த மோதிரத்தை எடுக்கப் போய்க் கொக்கியையும் உள்ளே விட்டுவிட்டு வந்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

குழாயில் கேமராவைத் தள்ளும்போது தண்ணீரை நிறுத்தி, தேங்கியதை முடிந்தவரை வடியவிடுங்கள். கலங்கிய நீரில் எல்இடி வைப்பது மூடுபனியில் ஹெட்லைட் போடுவது மாதிரிதான். ஐபி67 என்று போட்டிருந்தால் அதன் பொருள் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் பிரிக்காத தலைக்கு. போர்வெல் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள்; பத்து மீட்டர் தண்ணீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, இது அதற்கான பொருளே இல்லை. கணுக்களில் வயர் மாட்டிக்கொண்டால் வேகமாக இழுக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி, சுழற்றி, பிறகு இழுங்கள். தலைக்கும் வயருக்கும் உள்ள இணைப்புதான் முதலில் பிய்யும் இடம்.

இரண்டு இடங்களுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். ஒன்று, 230 வோல்ட் ஓடும் போர்டு. தலையின் உலோக உறை பெரும்பாலும் யூஎஸ்பி-யின் கிரவுண்டோடு சேர்ந்தே இருக்கும். மல்டிமீட்டரில் உறைக்கும் யூஎஸ்பி முனையின் உலோகத்துக்கும் நடுவே பீப் வருகிறதா பாருங்கள். வந்தால், எஸ்எம்பிஎஸ்-இன் (பவர் சப்ளையின்) மெயின் பக்கத்தில் அது உரசும் நொடியில் லேப்டாப்பும் போகும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீங்களும் மாட்டுவீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரில் உள்ள சார்ஜ் இறங்கிய பிறகு பாருங்கள், உறை மேல் ஒரு ஸ்லீவும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று காது. காதுக்கென்றே மெல்லிய மாடல்கள் விற்கிறார்கள், அதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெயும் கரியும் சாக்கடையும் பார்த்த 8 மில்லி தலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்றைக்கு டெஃப்லான் டேப்பும், லென்ஸின் இப்போதைய தெளிவுத் தூரத்துக்கு நீட்டி வைத்த சிரிஞ்சும் மட்டும் போட்டுப் பார்ப்பேன். அதிலேயே ஐசி எண் படிக்க வந்துவிட்டால் தலையைப் பிரிக்காமல் பைக்குக்கும் குழாய்க்கும் வைத்துக்கொள்வேன். வராவிட்டால் லூப். லென்ஸைத் திருகுவது, இரண்டாவது கேமரா கைக்கு வந்த பிறகு.